திங்கள், புதன், வெள்ளி

குதிரைசக்தி பற்றிப் பேச்செடுக்கும் முன்
அதன் வயிற்றைத் திறந்தேன்.
எண்ணெய்த் தொட்டியின் அடியில்
கரிய களியாகப் படிந்திருந்தது
முந்தைய சொந்தக்காரரின் சோம்பல்.
சல்லடையைக் கழுவக் கழுவ
மூன்று வாளி மண்ணெண்ணெய் கறுத்தது.

இருபத்திரண்டு வயது சாப். டர்போ.
கெமியார்வியிலிருந்து ரோவானியெமிக்கு
எண்பத்தைந்து கிலோமீட்டர் காடு.
திங்கள், புதன், வெள்ளி
காலை ஏழு மணிக்கு ரெய்யோவை
டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும்.
குளிர் முப்பது பாகை கீழே இறங்கினாலும்
என் கணவனின் ரத்தத்துக்கு
அது ஒரு காரணம் ஆகாது.

அவன் தம்பி யார்க்கோ பட்டியலோடு வந்தான்.
பெரிய டர்போ, அடித்துச் செய்த பிஸ்டன்,
ஐந்நூறு குதிரை.
"இந்த எஞ்சின் தாங்கும்."
தாங்கும்தான்.
அவனுடைய காரும் தாங்கத்தான் தாங்கியது,
வருடத்தில் ஆறு மாதம்
டிரெய்லரின் மேல் நின்றபடி.

முதல் சம்பளம் பிரேக்குக்குப் போயிற்று.
இருட்டில் பனிமான் குறுக்கே நிற்கும் ஊரில்
ஓடத் தெரிவதற்கு முன் நிற்கத் தெரிய வேண்டும்.
அப்புறம் மூச்சுக்குழாய்கள், தண்ணீர்க் குழாய்கள்,
காற்றைக் குளிர்விக்க அகலமான ஒரு பெட்டி,
மூன்று அங்குலப் புகைக்குழாய்.
அதற்கு மட்டும் கொஞ்சம் ஆசைப்பட்டேன்,
ஒத்துக்கொள்கிறேன்.
இக்னிஷன் கேசட் ஒன்றை உதிரியாக வாங்கி
கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி டிக்கியில் வைத்தேன்.
அது சொல்லாமல் சாகும் சாமான்.

அழுத்தத்தை ஒன்றரை பார் வரை ஏற்றலாம்
என்றது மடிக்கணினி.
ஒன்று புள்ளி ஒன்றில் நிறுத்தினேன்.
உருளை மேல் ஓட்டி அளந்தபோது
இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.
"இன்னும் இரண்டே இரண்டு! முந்நூறு ஆகிவிடும்!"
யார்க்கோ கிட்டத்தட்ட அழுதான்.
அந்த இரண்டையும் லாயத்திலேயே விட்டுவிட்டேன்.

ரெய்யோ மட்டும் சிரித்தான்.
அவன் இடக்கையில் தோலுக்கடியில்
தமனியைச் சிரையோடு இணைத்திருக்கிறார்கள்,
ஓட்டம் கூட்ட.
விரல் வைத்தால் உறுமும்.
"எனக்கும் பெரிய குழாய் போட்டாயிற்று" என்பான்,
"ஆனால் இருதயத்துக்கு ஏற்ற அளவு பார்த்துத்தான்.
அந்த டாக்டர் உன்னைப் போல ஒரு கஞ்சம்."
இரவில் அந்த உறுமலைக் காதால் கேட்டுவிட்டுத்தான்
சூடேற்றியின் வயரைச் செருக வெளியே போவேன்.
இரண்டும் ஓடிக்கொண்டிருந்தால் தூக்கம்.

ஜனவரியில் ஒரு புதன்.
முப்பத்துநான்கு கீழே. பாதி வழி.
ஒரு இருமல், இன்னொன்று, பிறகு ஒன்றுமில்லை.
மரங்களின் நடுவே எங்கள் மூச்சு மட்டும் புகைந்தது.
ரெய்யோ கைவிளக்கைப் பிடித்தான்.
நான்கு திருகாணிகள்.
கையுறையைக் கழற்றினால் விரல் இல்லை,
கழற்றாவிட்டால் திருகாணி இல்லை.
கழற்றினேன்.
பழையதைப் பனியில் எறிந்தேன்,
பிறகு போய்ப் பொறுக்கி வந்தேன்,
குப்பை போடக் கூடாதே.
சாவியைத் திருப்பியதும்
ஒன்றுமே நடக்காதது போல முனகத் தொடங்கியது.

ஏழு இரண்டுக்கு அவன் நாற்காலியில் இருந்தான்.
செவிலி ஹில்க்கா கடிகாரத்தைப் பார்த்தாள்,
என் விரல்களைப் பார்த்தாள்,
காப்பி கொண்டுவந்தாள்.

திரும்பும் வழியில் நேர்ச்சாலை.
முன்னால் மரம் ஏற்றிய லாரி
பனித்தூள் வாரி இறைத்தபடி.
ரெய்யோ கண்ணை மூடிக்கொண்டே சொன்னான்:
"மூன்றாவது கியர்."
எதிரில் யாருமில்லை.
மிதித்தேன்.
ஆணி டயர்கள் ஒரு நொடி யோசித்தன,
பிறகு முதுகு இருக்கையில் அழுந்த
லாரி கண்ணாடிக்குள் சுருங்கிற்று.

ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்தியபடி
கேட்டான்:
"மிச்சம் இரண்டு குதிரை எங்கே?"

வெள்ளிக்கிழமைக்கு
எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன்.